எழுத்துருவுக்குள் சிறைப்பட்ட கவிதைகள்



ஏட்டுச் சுவடிகளைச் செல்லரித்தது. அச்சு நூல்களைத் தீ தின்றது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. செல்லுமின்றித் தீயுமின்றி அழியும் எழுத்தும் உண்டு. இணையத்தில் எழுதப்பட்ட ஆரம்பகாலத் தமிழே அது.

1990களின் பிற்பகுதியில், பத்திரிகை ஆசிரியரையோ பதிப்பாளரையோ நாடாமல், இலவச இணையப் பக்கங்களில் நம்மவர் பலர் தம் மனத்தை எழுதினர். அத்தகைய பக்கங்களுக்கு இடமளித்த ஜியோசிட்டீஸ் 1994இல் தோன்றியது. 2009 ஒக்டோபரில், ஜப்பான் நீங்கலாக, அது மூடப்பட்டது.

எல்கடுவத் தோட்டமொன்றிற் பிறந்த என் நண்பர் ஒருவரும் 2002இல் லயத்து வாழ்வைப் பன்னிரண்டு கவிதைகளாக எழுதி, இலவசப் பக்கமொன்றில் இட்டிருந்தார். அவர் மறைந்தபின், "மாமா, அப்பா எழுதினது ஒன்றுமே இல்லையா?" என்று மகள் கேட்டாள். 1996இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் பழைய பக்கங்களைப் படியெடுத்துக் காத்துவருகிறது. அங்கே தேடினோம், ஏழு கவிதைகள் கிடைத்தன. ஆனால் திரையில் தமிழைக் காணவில்லை. ஆங்கில எழுத்துகளின் குவியலே இருந்தது.

காரணம் இதுதான். யுனிகோட் பரவுமுன், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையிலே தமிழ் வடிவத்தை அமர்த்தின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என நிற்கும். பக்கம் பிழைத்தாலும் மொழி பிழைப்பதில்லை. சுவடியைக் காத்தவன் அதன் எழுத்தைப் படிக்கும் அறிவையும் காக்கவேண்டியிருந்ததை ஒத்தது இது.

எழுத்துரு இன்னதென அறிந்தபின் மாற்றுவது எளிதாயிற்று. முதலில் உயிர்பெற்ற சொல் 'அம்மா' என்பதே. மகள் அதைச் சத்தமாக வாசித்தாள். எஞ்சிய ஐந்தும் போனவை போனவையே.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து எழுத்துகளுக்காக 2005இல் உருவான நூலகம் திட்டமும் அச்சேறியவற்றை மின்வடிவில் காக்கின்றன. அச்சேறாத எழுத்துக்கோ எழுதியவர் வீட்டாரே முதற் காவலர். உங்கள் வீட்டிற் பழைய நெகிழ்வட்டோ கணினியோ இருப்பின், நேயர்களே, எறியுமுன் திறந்து பாருங்கள். புரியாத குவியலுக்குள்ளும் ஒருவரின் குரல் இருக்கக்கூடும்.