முதல் அடியில் குத்தும் முள்

போன ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தையையும் அழைத்துக்கொண்டு பிளவக்கல்லுக்குப் போயிருந்தோம். வத்திராயிருப்பைத் தாண்டினால் மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். வண்டி நின்றதுதான் தாமதம், குழந்தைகள் ஓடிவிட்டார்கள். அத்தை மட்டும் ஒரு காலைக் கீழே வைத்தவர், "ஆத்தாடி!" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்ன அத்தை, முள் குத்திவிட்டதா?"

"முள்ளுன்னா பிடுங்கி எறிஞ்சிரலாமே, தாயி! இது குதிகால்லயே குடியிருக்கு. காலையில முதல் அடி வைக்கிறதுக்குள்ள உசிரு போகுது. பத்து நடை நடந்தா சரியாயிரும். உட்கார்ந்து எந்திரிச்சா மறுபடியும் குத்தும்."

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தப் பல்லவி கேட்கிறது! குதிகால் வாதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண்போல் தாங்குவது அதுவே. ஓயாத பாரத்தால் அது நைந்து போகிறது. இரவில் சுருங்கிக் கிடந்த பட்டை, காலையில் முதல் அடி வைத்ததும் திடீரென்று இழுபடுவதால்தான் அந்தக் குத்தல்.

பாரம் எங்கிருந்து வருகிறது? வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் மணிக்கணக்காக நிற்பது, தேய்ந்த செருப்பு, கூடிவிட்ட உடல் எடை, இறுகிய கெண்டைக்கால் சதை, எல்லாமே காரணங்கள்தாம். கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்வோருக்காக 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆயிற்று. அடுக்களையில் நிற்பவளுக்குச் சட்டம் ஏது? காய் நறுக்கவாவது ஒரு முக்காலியை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்!

பரிகாரமும் வீட்டிலேயே இருக்கிறது. படுக்கையை விட்டு இறங்குமுன், கால் விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்து முறை. பிறகு சுவரில் கையூன்றி, வலிக்கிற காலைப் பின்னே நீட்டி, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், அரை நிமிஷம் முன்சாயுங்கள். தினம் மூன்று வேளை செய்யலாம். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணியலாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிஷம் வைக்கலாம். எக்ஸ்ரேயில் எலும்பு முள்போல் வளர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு. சில மாதப் பொறுமை போதும், பெரும்பாலோருக்குக் கத்தி வைக்காமலே குணமாகிவிடும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அத்தையை நிழலில் உட்கார வைத்துச் செருப்பைக் கழற்றினேன். பகீரென்றது. சுண்டுவிரலின் அடியில் காசு அளவு புண்! செருப்பில் ரத்தக் கறை.

"இதா? எப்ப ஆச்சோ... வலிக்கவே இல்லையே!" என்றார் சர்வசாதாரணமாக. அத்தைக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி.

குதிகாலுக்காக அழுதவர், வலிக்காத புண்ணைக் கவனிக்கவே இல்லை. ஆனால் ஆபத்து அந்தப் புண்ணில்தான் இருந்தது. நாள்பட்ட சர்க்கரை வியாதி நரம்புகளைக் கெடுத்து, முதலில் விரல்களையே மரக்க வைக்கிறது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் இதைத்தான் கண்டார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டே அழிந்தன. வலி நமக்குக் காவல்காரன் என்று அவர் ஓயாமல் சொல்லிவந்தார். அந்நோயாளிகளின் பாதங்களைக் காத்த மெத்தென்ற நுண்துளை ரப்பர்ச் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்படுகிறது.

ஆகவே, கால் மரத்துப்போனவர்களுக்கு ஐஸும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். சூடு தெரியாமலே வெந்துவிடும். கால் ஆணியை பிளேடால் சீவவும் கூடாது. புண், வீக்கம், சிவப்பு, காய்ச்சல், காலை ஊன்றவே முடியாமை, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மறுநாள் காலையிலேயே ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். "நல்ல வேளை, இன்னும் எலும்பைத் தொடவில்லை" என்றார் அவர். புண் ஆற ஆறு வாரமாயிற்று. குதிகால் வலி தைக்குள் பாதியாகக் குறைந்துவிட்டது.

பொங்கலுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். படுக்கப் போகுமுன் அத்தை முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்தை அறுபது வருசமாப் பாத்தாச்சு, தாயி. இனிமே இதைப் பாத்தாப் போதும்!" என்று சிரித்தார்.