காற்றே தூணான கூடாரம்

பொருட்காட்சிக்குப் போனால் குழந்தைகள் உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும் இடம் ஒன்று உண்டு. உப்பி நிற்கும் பலூன் கோட்டை! உள்ளே குதித்துக் கும்மாளம் போடுவார்களே, அதுதான். பின்பக்கம் போய்ப் பாருங்கள். மின்சார விசிறி ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தினால் கோட்டை துணி மூட்டையாகிவிடும்.

இதே வித்தையில் பெரிய மண்டபங்களே எழும்பியிருக்கின்றன என்றால் நம்புவீர்களா? தூண் இல்லை, உத்தரம் இல்லை. துணியின் ஓரங்களைத் தரையோடு இறுக்கிவிட்டு, உள்ளே காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே இருப்பதைவிட அழுத்தம் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு கூடினால் போதும். அது ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையிலும் சுமார் 25 கிலோ பாரத்தைத் தாங்கும். காற்று வெளியேறாதிருக்கச் சுழல் கதவு வைக்கிறார்கள்.

யோசனை பழையதுதான். லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் 1917-ல் யுத்தகள ஆஸ்பத்திரிக்காக இதை எழுதிப் பதிவு செய்தார். அதற்கேற்ற துணிதான் அன்று இல்லை. 1948-ல் அமெரிக்காவில் வால்டர் பேர்டு, ரேடாரை மூடி வைக்க 15 மீட்டர் அகலத்தில் ஒரு குமிழையே நிறுத்திக் காட்டினார். 1988-ல் திறந்த டோக்கியோ டோம் என்னும் விளையாட்டரங்கின் கூரை இன்றும் காற்றில்தான் நிற்கிறது.

திண்டுக்கல் பக்கத்து அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை பிரசித்தம். மழை வந்தால் ஆடும் நனையும், ஆளும் நனைவார். அங்கே இப்படி ஒரு கூரை போட்டால்? ஆசைதான்! கிடாக் கொம்பு பட்டுச் சின்னக் கிழிசல் விழுந்தாலும் பாதகமில்லை, விசிறி ஈடு கொடுத்துவிடும். ஆனால் சுழல் கதவுக்குள் ஆடுகளை யார் ஓட்டுவது? கரண்டு போனால் என்ன செய்வது? சித்திரை வெயிலில் உள்ளே வெந்துபோக மாட்டோமா? சாதாரணத் தகரக் கொட்டகையே அங்கே மேல் என்பது என் கட்சி.

இன்னொரு பயமும் உண்டு. அது பொருட்காட்சிக்குப் போகும் தாய்மார்களுக்கு. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், பள்ளிக்கூடக் கொண்டாட்டத்தில் வைத்த பலூன் கோட்டையைத் திடீர்ச் சுழற்காற்று தூக்கி எறிந்தது. ஆறு குழந்தைகள் மாண்டார்கள். காற்று நிரம்பிய துணிக்குக் கனம் ஏது? கட்டு தளர்ந்தால் காற்றாடிதான். நம் ஊர் ஆடிக் காற்றைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே டிக்கெட் வாங்குமுன் கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கயிறும் தரையில் ஆழ அடித்த முளையில் கட்டியிருக்கிறதா? பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்கிறாரா? புழுதி கிளம்பும்படி காற்றடித்தால், குழந்தை எவ்வளவு அழுதாலும் சரி, ராட்டினத்தைக் காட்டி அழைத்துப் போய்விடுங்கள்.