பாலைக்கள்ளி வளர்ப்பு

கள்ளி என்றவுடன் வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியுமே நம்மவர் நினைவிற்கு வரும். ஒடித்தாற் பால் வடியும் அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சார்ந்தவை. அழகிற்காகத் தொட்டியில் வைக்கும் பாலைக்கள்ளியோ அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகவுடைய வேறொரு குடும்பம். அதன் முட்கள் பஞ்சுபோன்ற சிறு திட்டுகளினின்று கொத்தாக முளைப்பன. இதுவே அதனை இனங்காணும் அடையாளம். இக்குடும்பம் நம் பக்கத்திற்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார், செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்க்கும்பொருட்டுச் சைதாப்பேட்டையிற் கள்ளித்தோட்டம் ஒன்று அமைத்தார்.

கரையான்சாவடியில் இதனை வளர்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது யாதெனின், இங்கே கள்ளியைக் கொல்வது வெயிலன்று, நீரே என்பதாம். ஏனைய செடிகள் பெரும்பாலும் பகலில் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கும். கள்ளியோ இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்ளும். ஆதலின் நீர் வீணாவது மிகக் குறைவு. இலை முள்ளாகச் சுருங்க, பசிய தண்டே உணவு சமைத்து நீரையும் சேமிக்கின்றது. இவ்வளவு சிக்கனமாய் வாழும் உயிருக்கு நித்தம் நீர் வார்ப்பது உபகாரமாகாது. வேர் மூச்சுமுட்டி அழுகிப்போம். சென்னை வட்டாரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதிற் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகிறது.

ஆகவே, அடியில் துளையுள்ள மண்தொட்டியே ஏற்றது. தோட்டமண், ஆற்றுமணல், செங்கல் தூள் இம்மூன்றையும் சமபங்காகக் கலந்து நிரப்புக. கோடையில் மண் அடிவரை உலர்ந்தபின்னரே நீர் வார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைத் தாழ்வாரத்தில் ஒதுக்கி நீரை நிறுத்துதல் நலம். நிழலிலிருந்த செடியைச் சித்திரை வெயிலில் திடீரென வைத்தால் தோல் வெந்துவிடும்; சிறிது சிறிதாகப் பழக்குக. மாசியில் தொட்டி மாற்றலாம். செடியை மடித்த காகிதத்தாற் பற்றுக. வேர்க்காயம் ஆறும்வரை ஒரு வாரம் நீர் வேண்டா. வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி தோன்றின், சாராயத்தில் தோய்த்த பஞ்சினால் துடைத்திடுக. நீண்ட தூண்வகைக் கள்ளியின் அடி அழுகினால், அழுகலுக்கு மேலே நறுக்கி, வெட்டுவாய் நன்கு உலர்ந்தபின் மணலில் நட்டுப் பிழைப்பிக்கலாம். உருண்டைக் கள்ளியை அங்ஙனம் மீட்டல் அரிது.

அவ்வுருண்டை வகையில் பொன்னிற முள்ளுடையது யாவரும் விரும்புவது. மெக்ஸிகோவில் அது இயல்பாக வளர்ந்த நிலத்தின் ஒரு பகுதி 1990களில் சிமாப்பான் அணைநீரில் மூழ்கிற்று. இன்று காட்டில் அஃது அருகிய இனம். நம் முற்றத்திலும் அது நீரால் அழியாவண்ணம் காப்போமாக.