திரவ வித்தில் காளான்: முதலில் ஒரு பையில் சோதியுங்கள்

சிப்பிக் காளான் வளர்ப்பவர்களுக்கு வைக்கோலோ இடமோ பெரிய சிக்கல் இல்லை. நல்ல வித்து தேவையான நேரத்தில் கிடைப்பதுதான் சிக்கல். தொலைவிலிருந்து வாங்கி வரும் வித்து வழியில் சூடேறினால் வீரியம் குறையும். அதனால் 'லிக்விட் கல்ச்சர்' எனப்படும் திரவ வித்தைக் கொண்டு வீட்டிலேயே வித்து தயாரிக்கப் பலர் விரும்புகிறார்கள். இது நல்ல முறைதான். ஆனால், கெட்டுப்போன திரவத்தைச் சோதிக்காமல் பயன்படுத்தினால் ஒரே நாளில் போட்ட அத்தனை பைகளும் வீணாகும்.

திரவ வித்து என்றால் என்ன?

சர்க்கரைச் சத்துள்ள நீரில் காளான் இழைகளை வளர்ப்பதே திரவ வித்து. சோளத்தில் வளர்த்த தாய் வித்தைப் போட்டால், அது விழுந்த இடத்திலிருந்துதான் இழை பரவும். திரவம் தானியங்களுக்கு இடையே வழிந்து இறங்குவதால் பல இடங்களில் ஒரே நேரத்தில் வளர்ச்சி தொடங்குகிறது. பை சில நாட்கள் முன்னதாகவே வெண்மையாகிவிடும். ஒரு பைக்கு 10 மி.லி. போதும் என்பதால், அரை லிட்டர் திரவம் 40 முதல் 50 பைகளுக்கு வரும்.

தயாரிக்கும் முறை

அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் குளுக்கோஸ் அல்லது 20 கிராம் தேன் கலந்து, ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். பாதி பாட்டில் காலியாக இருக்க வேண்டும். மூடியில் இரண்டு துளைகள் போடுங்கள். ஒன்றில் பஞ்சை இறுக்கமாக அடையுங்கள். இது காற்றுப் போக. மற்றொன்றைச் சூடு தாங்கும் சிலிக்கான் பசையால் அடைத்துக் காயவிடுங்கள். இது ஊசி குத்த. மூடியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்த பிறகு 20 நிமிடம் வேகவையுங்கள். நேரம் கூடினால் சர்க்கரை கருகி இழை வளர்ச்சி குறையும். அழுத்தம் தானாக இறங்கி, பாட்டில் முழுவதும் ஆறிய பிறகே எடுக்க வேண்டும்.

மறுநாள் சுத்தமான தாய் வளர்ப்பிலிருந்து ஊசி மூலம் 2 முதல் 3 மி.லி. செலுத்துங்கள். மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். கை நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள் போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வேலை செய்தால் இன்னும் பாதுகாப்பு. ஊசியைத் தீயில் பழுக்கக் காட்டும் வேலையைப் பெட்டிக்கு வெளியே முடித்துவிடுங்கள். ஸ்பிரிட் தெளித்த பெட்டிக்குள் தீ கொண்டுபோனால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பாட்டிலை வெயில் படாத இடத்தில், 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் வைத்து, தினமும் ஒருமுறை மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். பஞ்சு நனையக் கூடாது. ஒன்று முதல் இரண்டு வாரங்களில் வெண்பஞ்சு போன்ற இழைகள் மிதக்கும்.

சோதனையைத் தவிர்க்காதீர்கள்

திரவம் பால் கலந்ததுபோல் கலங்கியிருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ பாக்டீரியா புகுந்துவிட்டது என்று பொருள். மேலே பச்சை அல்லது கறுப்புத் திட்டு இருந்தால் வேறு பூஞ்சை. இரண்டையும் வேகவைத்துக் கொட்டிவிடுங்கள். தெளிவாகத் தெரியும் திரவத்தையும் கண்ணால் மட்டும் நம்ப முடியாது. சிறிதளவு பாக்டீரியா இருந்தால் திரவம் கலங்காது; தானியத்தில் சேர்ந்த பிறகுதான் பெருகும்.

ஆகவே, முதலில் ஒரே ஒரு சோளப் பையில் 10 மி.லி. செலுத்தி ஒரு வாரம் பொறுங்கள். வெள்ளை இழை சீராகப் பரவி, நல்ல காளான் மணம் வந்தால் மற்ற பைகளுக்குப் பயன்படுத்தலாம். சோளம் வழவழப்பாகி ஈரம் கசிந்தால், அந்தப் பாட்டிலையே ஒதுக்கிவிடுங்கள். இழப்பு ஒரு பையோடு நின்றுவிடும்.

சோள வித்து

சோளத்தைக் கழுவி அரைவேக்காடு வேகவைத்து, மேல் ஈரம் போக நிழலில் உலர்த்துங்கள். கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, சூடு தாங்கும் பாலிபுரொப்பிலீன் பையில் 300 கிராம் அளவில் நிரப்பிப் பஞ்சால் அடையுங்கள். குக்கரில் முழு அழுத்தத்தில் ஒன்றரை முதல் 2 மணி நேரம் வேக வேண்டும். தொடக்கத்திலேயே தண்ணீரைத் தாராளமாக ஊற்றுங்கள், வற்றினால் ஆபத்து. ஆறிய பிறகு ஊசி போட்டு, குத்திய இடத்தை உடனே டேப்பால் ஒட்டுங்கள். பை முழுவதும் வெளுத்ததும் வித்து தயார்.

வைக்கோலில் நேரடியாக ஊற்றலாமா?

கூடாது. வெந்நீரில் வேகவைத்த வைக்கோலில் சில நுண்ணுயிரிகள் மிஞ்சியிருக்கும். திரவத்தில் உள்ள சர்க்கரை காளானுக்கு முன் அவற்றுக்குத் தீனியாகிவிடும். சோள வித்தாக மாற்றிய பிறகே படுக்கைக்குப் போடுங்கள்.

வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 4 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவையுங்கள். பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில், வைக்கோலும் வித்தும் அடுக்கடுக்காகப் பையில் நிரப்புங்கள். ஒரு வித்துப் பை இரண்டு படுக்கைகளுக்கு வரும். 15 முதல் 20 நாட்களில் படுக்கை வெளுத்துவிடும். அடுத்த சில நாட்களில் மொட்டு வைக்கும்.

கவனிக்க வேண்டியவை

மீதமுள்ள சிப்பிக் காளான் திரவத்தைக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். பால் காளானும் இளஞ்சிவப்புச் சிப்பிக் காளானும் குளிர் தாங்காது. அவற்றை வெளியிலேயே வைத்துச் சீக்கிரம் பயன்படுத்துங்கள். ஒரு பாட்டிலிலிருந்து அடுத்தது என்று பலமுறை மாற்றிக்கொண்டே போனால் மகசூல் குறையும். அவ்வப்போது புதிய தாய் வளர்ப்பு வாங்குங்கள். காட்டில் பறித்த காளானிலிருந்து ஒருபோதும் வித்து தயாரிக்காதீர்கள். அதில் நச்சுக் காளான் இருக்கலாம்.

ஊசி பிடிக்கும் முன் ஒருமுறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பல மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களிலும் காளான் பயிற்சி தருகிறார்கள். அங்கே சுத்தமான தாய் வித்து பற்றியும் விசாரியுங்கள். முதல் முறை ஐந்து பைக்கு மேல் போட வேண்டாம். ஐந்தும் நன்றாக வந்த பிறகு ஐம்பதைப் பற்றி யோசிக்கலாம்.