‘ஒண்ணு போனா இன்னா, இன்னொண்ணு இருக்கே!’ — கிட்னி புரோக்கர் பேச்சில் பாதி நிஜம், பாதி மோசடி

“ரெண்டு இருக்குதுல்ல! ஒண்ணைக் குடுத்தா இன்னா? மிச்சம் இருக்கறது ரெண்டு வேலையும் பாத்துக்கும்!”

கடனில் மூழ்கிக் கிடக்கும் ஏழைகளிடம் கிட்னி புரோக்கர்கள் பாடும் பாட்டு இது. இதை நம்பி விற்றவர்கள் பெருகியதால், ஒரு காலத்தில் சென்னை வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்றே பட்டப்பெயர் விழுந்தது!

புரோக்கர் சொல்வது பொய்யா? முழுப் பொய் இல்லை. அதுதான் ஆபத்து!

ஓவர்டைம் கிட்னி

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒன்றை எடுத்துவிட்டால், மற்றதற்குப் பாயும் ரத்தம் அதிகமாகிறது. வடிகட்டிகள் பெரிதாகின்றன, கிட்னியே பருத்துவிடுகிறது.

சில மாதங்களில், முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் சுமார் 70 சதவீதத்தை இது ஒன்றே செய்கிறது.

ஆனால், புதிதாக ஒரு வடிகட்டிகூட முளைக்காது. இருப்பதுதான் ஓவர்டைம் பார்க்கிறது!

சகோதரருக்குக் கொடுத்தவர்

1954 டிசம்பர் 23. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ரொனால்ட் ஹெர்ரிக் என்பவரின் கிட்னியை எடுத்து, அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார் டாக்டர் ஜோசப் முரே. வெற்றி!

பெற்றவர் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவரோ 56 ஆண்டுகள் கழித்து, 2010-ல், 79 வயதில்தான் காலமானார்!

பாசத்தில் கொடுத்தவர் கதை இது. விற்றவர் கதை?

சென்னைக் கணக்கு

கிட்னி விற்ற 305 பேரைச் சென்னையில் 2001-ல் ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தார்கள். 100-க்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள்.

கடன் தீர்ந்ததா? முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடன்காரர்களே! குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 100-க்கு 86 பேர், “உடம்பு முன்னே மாதிரி இல்லை” என்றார்கள்.

ஒற்றைக் கிட்னிக்காரருக்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பெரிய எதிரிகள். ஆண்டுதோறும் பிரஷர், ரத்தம், சிறுநீர் மூன்றையும் சோதிக்க வேண்டும். கூலிக்குப் போகிறவரை யார் கூப்பிட்டுச் சோதிப்பது? பணம் கைமாறியதும் புரோக்கர் மாயம்!

ஜெயில் நிச்சயம்

1994-ம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பு வியாபாரம் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. அபராதம் 20 லட்ச ரூபாய்க்குக் குறையாது. புரோக்கர் மட்டுமல்ல, பணம் கொடுத்தவரும் வாங்கியவரும்கூட மாட்டுவார்கள்!

உங்கள் தெருவில் யாராவது, “ரெண்டு இருக்குதுல்ல” என்று ஆரம்பித்தால், கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்!