துரைக்கு யோசனை சொல்வது எப்படி?

வாலாஜாபாத்தில் பொழுது விடிவதற்கு முன்பே சாலையோரத்தில் இளைஞர்கள் கூடிவிடுகிறார்கள். காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் கூட்டம் அது. தோளிலே பை, கழுத்திலே அடையாள அட்டை, கையிலே டீ. அவர்களில் ஒருவரை நிறுத்தி, "தம்பி, இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "படிச்சாப் புரியும் சார், பேசத்தான் வராது" என்பார்.

பேசவே வராது என்பது முழு உண்மை அல்ல. பெயர் சொல்ல வரும். ஊர் சொல்ல வரும். லீவு கேட்க வரும். வண்டி தடம் புரளும் இடம் ஒன்று உண்டு. தனக்கு மேலே இருப்பவர் செய்வது சரியில்லை, இப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்று சொல்ல வேண்டி வருகிறதே, அந்த இடம்தான் அது.

இங்கிலீஷ் இவ்வூருக்குப் புதிதா என்ன? ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைச் சுமந்து பாலாற்றங்கரையில் நிற்கும் இந்த ஊரில், கும்பினியார் காலத்தில் பட்டாளமே இருந்தது. அந்தக் கம்பெனி வேறு, இந்தக் கம்பெனி வேறு! அன்று துரைக்கும் ஊராருக்கும் நடுவே துபாஷி ஒருவர் நிற்பார். துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். ஊரார் சுள்ளென்று சொன்னதைப் பஞ்சிலே பொதிந்து துரையிடம் கொடுப்பதும், துரை சீறியதைச் சர்க்கரை தடவி ஊராரிடம் கொடுப்பதும் அவர் சாமர்த்தியம். அந்தக் காலத்து மனு இங்கிலீஷின் வாசனை இன்னும் போகவில்லை. 'டூ தி நீட்ஃபுல்' என்று முடியும் கடிதங்கள் நம் காரியாலயங்களில் இன்றைக்கும் நடமாடுகின்றன. இங்கிலாந்திலோ அது வழக்கொழிந்து வெகு காலம் ஆகிறது.

இன்று துபாஷி இல்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலை திறக்கப்பட்டது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் வரும் சாலையில் ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைத்தன. கொரியா, ஜப்பான் தேசத்து அதிகாரிகளும் நம் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். இருவருக்கும் தாய்மொழி அல்லாத இங்கிலீஷ்தான் நடுவே கிடக்கும் ஒற்றைப் பலகைப் பாலம்.

டிப்ளமா முடித்து டிரெய்னியாகச் சேர்ந்த ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். லைனில் ஒரு போல்ட் சரியாக முறுகவில்லை என்பதை அவன் கண் பார்த்துவிட்டது. பக்கத்தில் அயல்நாட்டு அதிகாரி. தமிழில் என்றால் அவனுக்குச் சிரமமே இல்லை. "சார், இதை மாத்தணும் சார்" என்பான். அல்லது, "மாத்திடலாமே சார்" என்பான். இரண்டிலும் குற்றம் காண முடியாது. அதையே மனத்துக்குள் மொழிபெயர்த்து, 'சார், யூ மஸ்ட் சேஞ்ச்' என்கிறான். அதிகாரியின் புருவம் உயர்கிறது. இந்தப் பையன் எனக்கு உத்தரவு போடுகிறானா?

பையன் சுதாரித்துக்கொண்டு, 'யூ கேன் சேஞ்ச், சார்' என்கிறான். இப்போது அவன் அதிகாரிக்கு அனுமதி கொடுத்துவிட்டான்! மூன்றாவதாக, பள்ளியில் படித்த இலக்கணம் நினைவுக்கு வருகிறது. 'ஹாட் பெட்டர்' என்றால் 'செய்வது நல்லது' என்று எழுதிப் போட்டார்களே! 'யூ ஹாட் பெட்டர் சேஞ்ச் இட், சார்' என்கிறான். வந்தது வினை. அந்தச் சொற்றொடரில் நல்லது இருப்பது மேலுக்குத்தான். செய்யாவிட்டால் நடப்பது வேறு என்ற எச்சரிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. தகப்பன் மகனிடம் சொல்லலாம், டாக்டர் நோயாளியிடம் சொல்லலாம். டிரெய்னி அதிகாரியிடம் சொன்னால் மிரட்டலாகத்தான் காதில் விழும்.

பையன் மரியாதை தெரியாதவனா? இல்லவே இல்லை. மரியாதையை எந்தப் பையில் வைப்பது என்பதிலேதான் தவறு.

எல்லாம் 'ங்க'வில் இருக்கிறது

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் தொங்குகிறது. 'வா' என்பது 'வாங்க' ஆனால் போதும். அதற்குப் பிறகு 'மாத்தணுங்க' என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் கேட்பவர் முகம் சுளிப்பதில்லை. இங்கிலீஷில் அந்த வால் கிடையாது. 'யூ' என்பது நீயும் ஆகும், நீங்களும் ஆகும். 'சார்' என்று கடைசியில் ஒட்டுவதால் மட்டும் முன்னே சொன்ன 'மஸ்ட்' குளிர்ந்துவிடாது. ஆகவே அந்த மொழிக்காரர்கள் மரியாதையை வேறு இரண்டு இடங்களில் ஒளித்து வைத்தார்கள். ஒன்று கேள்வி, மற்றொன்று இறந்த கால உருவம். 'கேன்' என்பதைவிட 'குட்' பணிவு. 'மே' என்பதைவிட 'மைட்' பணிவு. நடந்து முடிந்ததைப் போல எட்ட நிறுத்திப் பேசினால் அடுத்தவர் முகத்தில் இடிக்காது என்பது அவர்கள் கணக்கு.

நம்முடைய 'லாம்' இருக்கிறதே, அது ஒரு மாயக்காரச் சொல். 'போகலாம்' என்றால், நீ போக அனுமதி உண்டு என்றும் பொருள், வா சேர்ந்து போவோம் என்றும் பொருள். இங்கிலீஷில் முதலாவதற்கு 'யூ கேன் கோ' அல்லது 'யூ மே கோ'. இரண்டாவதற்கு 'லெட்ஸ் கோ' அல்லது 'ஷல் வி கோ?' இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் நம்மவர் செய்யும் பிழைகளில் தலையாயது.

இன்னொரு வேடிக்கை. 'ஒய் டோண்ட் யூ சிட் டவுன்?' என்றால், 'ஏன் உட்காரவில்லை?' என்று அதட்டுவதாக நம் பிள்ளைகள் மிரள்கிறார்கள். ஆனால் இதே உத்தி தமிழில் தினமும் நம் வாயில் புழங்குகிறது. "உட்காருங்களேன்", "சாப்பிட்டுப் போங்களேன்" என்று சொல்கிறோமே, அந்த வால் 'ஏன்' செய்யும் வேலையைத்தான் அவர்களுடைய தலை 'ஒய்' செய்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: 'டோண்ட்' என்பது 'டிடிண்ட்' ஆகிவிட்டால் யோசனை போய், வசை வந்துவிடும்.

'சஜெஸ்ட்' என்ற சொல் தனிக் கதை. 'சஜெஸ்ட் மீ எ குட் புக்' என்பது பட்டதாரிகள் வாயிலும் சர்வ சாதாரணம். 'அட்வைஸ்' என்ற வினைக்குப் பின்னால் ஆளைப் போடலாம். 'சஜெஸ்ட்' என்பதற்குப் பின்னால் ஆளைப் போட அம்மொழி இடம் கொடுப்பதில்லை. சொல்லும் காரியத்தைத்தான் போட வேண்டும்: 'ஐ சஜெஸ்ட் வி ஸ்டாப்', 'ஐ சஜெஸ்ட் ஸ்டாப்பிங்' என்று. புத்திமதிக்குப் பன்மையும் கிடையாது. எத்தனை சொன்னாலும் 'அட்வைஸ்'தான், 'அட்வைசஸ்' அல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டால் வருத்தப்படுவார்கள்!

எப்போதும் குழைந்துதான் பேச வேண்டும் என்றும் எண்ண வேண்டாம். கேட்பவருக்கு நன்மை தரும் விஷயமானால் ஆங்கிலேயரும் நேரடியாகவே பேசுவார்கள். 'ஹாவ் சம் டீ' என்பது கட்டளை உருவம்தான், ஆயினும் உபசாரம். 'யூ மஸ்ட் கம் டு அவர் ஹவுஸ்' என்பதும் அப்படியே. நம் ஔவை பிராட்டியின் ஆத்திசூடி முழுவதும் கட்டளைதானே? யாராவது கோபித்துக்கொண்டதுண்டா?

குழைந்து பேசியதால் வந்த கேடு

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1990 ஜனவரி 25ஆம் தேதி இரவு, கொலம்பியா தேசத்து அவியாங்கா விமானம் ஒன்று நியூயார்க்கை நெருங்கியது. வானிலை மோசம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை ஆகாயத்திலேயே வட்டமிட வைத்தார்கள். எரிபொருள் வற்றிக்கொண்டே வந்தது. விமானிகள் தங்களுக்குள் பேசியது ஸ்பானிஷ். தரையோடு பேசியது இங்கிலீஷ். துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்று கேட்டார். முதல் முறை இறங்க முயன்று முடியாமல் மேலே எழும்பியபோது, ஆபத்து நிலை என்று அறிவிக்கும்படி தலைமை விமானி அவரிடம் சொன்னார். துணை விமானியோ, மறுபடி முயல்கிறோம் என்பதோடு எரிபொருள் தீர்ந்து வருவதையும் சேர்த்துச் சாதாரணமாகச் சொன்னார். 'எமர்ஜென்ஸி' என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. தரையில் இருந்தவர்களுக்கு அவசரம் உறைக்கவில்லை. லாங் தீவில் விமானம் விழுந்தது. இருந்தவர்கள் 158 பேர். மாண்டவர்கள் 73 பேர்.

வேற்று மொழியால் வந்த விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1982 ஜனவரி 13ஆம் தேதி, வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது ஏர் புளோரிடா விமானம் ஒன்று புறப்பட்டது. இரு விமானிகளுக்கும் இங்கிலீஷே தாய்மொழி. கருவி காட்டும் அளவு சரியாக இல்லையே என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொன்னார். நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. தலைமை விமானி ஓட்டத்தைத் தொடர்ந்தார். விமானம் பாலத்தில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள்.

மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்பதை விமானிகளுக்கு ஒரு பாடமாகவே வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் கூட்டிய ஒரு பட்டறையிலிருந்து அந்தப் பயிற்சி வளர்ந்தது. அதில் சொல்லித்தரும் முறை எளிமையானது. முதலில் அவரை விளித்துத் திரும்ப வை. உன் கவலையைச் சொல். கோளாறு என்னவென்று சொல். செய்ய வேண்டியதைச் சொல். பிறகு சம்மதமா என்று கேள்.

நம் பையனிடம் மறுபடி வருவோம். அதே போல்ட், அதே அதிகாரி. 'எக்ஸ்கியூஸ் மீ சார். ஐ ஆம் வொரீட் அபவுட் திஸ் போல்ட். இட் இஸ் லூஸ். ஐ சஜெஸ்ட் வி ஸ்டாப் அண்ட் செக். இஸ் தட் ஓ.கே.?' ஐந்தே வாக்கியங்கள். எல்லாம் எட்டாம் வகுப்புச் சொற்கள். 'யூ' என்ற சொல் அதில் எங்குமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 'வி' என்று சொன்னதால் தவறு அதிகாரியுடையது என்ற குற்றச்சாட்டும் இல்லாமல் போயிற்று. கொரியரும் ஜப்பானியரும் நம்மைப் போலவே வினைச்சொல்லில் மரியாதை வைத்துப் பேசுகிறவர்கள். அவர்களும் இங்கிலீஷைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். சுற்றி வளைத்த மனு இங்கிலீஷ் அவர்களுக்கும் விளங்காது.

ஜப்பானில் டொயோட்டா கம்பெனி, தொழிலாளர் யோசனைகளைக் கேட்டுப் பெறும் திட்டத்தை 1951இலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையில் கண்டதைப் பார்த்துச் செய்ததுதான். யோசனையை எழுதிக் கொடுத்தால் படித்துப் பார்ப்பார்கள். அவசரத்துக்கு எழுத ஏது நேரம்? அதற்காக அவர்கள் லைன் நெடுகிலும் ஒரு கயிற்றைக் கட்டி வைத்தார்கள். கோளாறு கண்டவன், அவன் நேற்று சேர்ந்தவனானாலும், அதைப் பிடித்து இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், அதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். வந்தவரிடம் என்ன கோளாறு என்று சொல்வதற்குத்தான், நம் பையன் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் ஓரத்தில் அந்த ஐந்து வாக்கியங்களை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு ஒரகடம் போய்ச் சேர வேண்டும்.