மாரி ஓய்ந்தது, ஆடையும் மாறட்டும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது பழமொழி. அந்த ஆடை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிற் பாதி உரிமை பருவத்துக்கு உண்டு. மேனாட்டார் குளிர்காலம் கழிந்ததும் கம்பளி உடைகளைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மெல்லிய ஆடைகளை வெளியே எடுப்பர். பனிமழை அறியாத நம் நாட்டுக்கு இத்தகைய மாற்றம் எதற்கு என்று எண்ணுவோர் பலர். கல்முனைக் கரையில் வாழும் நமக்கு அவ்வெண்ணம் பொருந்துமா என்று சற்றே ஆராய்வோம்.

ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து நம் கரையிற் சொரிகின்றது. ஆண்டு மழையிற் பெரும்பங்கு இம்மாரியிலேயே பெய்துவிடுகின்றது. மட்டக்களப்புக் கரையில் ஜனவரியில் நண்பகல் வெப்பம் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். ஜூன் மாதத்தில் அது 33 பாகையளவுக்கு ஏறும். வைகாசிக்குப் பின் வீசும் கச்சான் காற்றை நாம் நன்கு அறிவோம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வறண்டு வெம்மையுற்று வருகின்றது. அதுவே நம் கச்சான்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களே நம்மை ஏமாற்றுபவை. வைகறையிற் பனி, நண்பகலிற் சுடுவெயில். காலையிற் குளிருக்கு அணிந்த தடித்த உடையோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்கின்றனர். திரும்பி வரும்போது கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. எளிதிற் கழற்றக்கூடிய ஒரு மேற்சட்டையை மேலேயும், மெல்லிய பருத்திச் சட்டையை உள்ளேயும் அணிவித்து அனுப்புவதே இதற்கு ஏற்ற வழி.

கைக்குழந்தைகள் விடயத்தில் தாய்மார் மேலும் கவனங்கொள்ளல் வேண்டும். மாரியில் அணிவித்த கம்பளித் தொப்பியையும் காலுறையையும் கோடை பிறந்த பின்னரும் கழற்ற அஞ்சுவோர் உளர். குழந்தையின் கையும் காலும் குளிர்ந்திருப்பதைக் கொண்டு முடிவுசெய்தல் தவறு. பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்வையும் சூடும் காணப்பட்டால், குழந்தைக்கு உடை மிகுந்துவிட்டது என்பது பொருள்.

பெரும்போக அறுவடையும் இந்நாட்களிலேயே நடைபெறுகின்றது. நிந்தவூர், சம்மாந்துறை வயல்களில் வேலை செய்வோர் நீண்ட கையுள்ள தளர்ந்த சட்டையும், சாரமும், தலையிலே சால்வையும் அணிந்திருப்பதைக் காண்கின்றோம். வெயிலுக்கு மேனியைத் திறந்துவிடுதலே குளிர்ச்சி என்று கருதும் இளைஞர், இம்முதியோரிடம் பாடம் கேட்கலாம். வெயில் தோலைத் தொடாமற் காப்பதும், தோலுக்கும் துணிக்கும் இடையே காற்றுக்கு வழிவிடுவதும் ஆகிய இரு கடமைகளையும் அவ்வுடை நிறைவேற்றுகின்றது.

ஆகவே, உடலை மறைக்கும் நம் மார்க்க ஒழுக்கத்துக்கும் கோடைக்கும் பகை ஏதுமில்லை. இதற்கு ஒரு சான்று கூறுவோம். பாலைவனத்து நாடோடி அரபிகள் கொளுத்தும் வெயிலிலே கறுப்பு அங்கி அணிவதேன் என்று ஆராய்ந்த அறிஞர் சிலர், தம் முடிவை 1980இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டனர். கறுப்புத் துணி வெள்ளைத் துணியைவிட அதிக வெப்பத்தை ஏற்கின்றது என்பது உண்மையே. ஆயினும், அங்கி மிகத் தளர்ந்திருப்பதால், அம்மிகை வெப்பம் உடலைச் சேருமுன்னரே காற்றோடு நீங்கிவிடுகின்றது. கறுப்பணிந்தாலும் வெள்ளையணிந்தாலும் உடல் ஏற்ற வெப்பம் ஒரே அளவினதாகவே இருந்ததாம்!

நம் பெண்மக்கள் அணியும் கறுப்பு அபாயாவுக்கு அந்நன்மை கிடைக்கின்றதா? தளர்ந்தும் மெலிந்தும் இருந்தால் ஓரளவு கிடைக்கும். தடித்த பொலியெஸ்டர் துணியில் இறுகத் தைத்து, உள்ளே மேலும் இரண்டு உடைகளை அணிந்தால் கிடைக்காது. குற்றம் நிறத்திலும் இல்லை, வழக்கத்திலும் இல்லை. தையலிலும் நூலிலுமே இருக்கின்றது.

நூலைப் பற்றியும் சில சொற்கள். பருத்தி நூல், காற்றிலுள்ள ஈரத்தைத் தன் நிறையில் ஏறத்தாழ 8 வீதம் வரை ஏற்று வைத்திருக்கும். பொலியெஸ்டர் நூலோ அரை வீதத்தைக்கூட எட்டுவதில்லை. வியர்வையைப் பருத்தி உறிஞ்சிக்கொள்வதும், மற்றையது மேனியோடு ஒட்டிப் பிசுபிசுப்பதும் இதனாலேயே. துணியைக் கண்டு ஐயம் ஏற்பட்டால், ஓரத்தில் ஒரு நூலை உருவி, பெரியவர் ஒருவர் தீயிற் காட்டிப் பார்க்கலாம். கடதாசி எரியும் மணத்துடன் எரிந்து மென்சாம்பலானால் அது பருத்தி. உருகிக் கருகிக் கடினமான மணிபோல் உருண்டால் அது செயற்கை நூல். இரண்டும் கலந்த துணி இரு குணங்களையும் காட்டும்.

இத்தகைய பருத்தித் துணிக்கு நாம் தொலைவில் அலைய வேண்டியதில்லை. கல்முனைக்கு வடக்கே மருதமுனை இருக்கின்றது. அவ்வூர்க் கைத்தறிச் சாரமும் சேலையும் நாடெங்கும் பெயர் பெற்றவை. 1977இன் பின்னர் வெளிநாட்டுத் துணிகள் தடையின்றி வந்து குவிந்தபோது கைத்தறி தளர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையிற் பல உயிர்களையும் வீடுகளையும் கொண்டுசென்றபோது, மருதமுனையின் தறிகளும் அதற்குத் தப்பவில்லை. அதன் பின்னரும் தறியோசை அங்கே முற்றாக அடங்கிவிடவில்லை என்பது நமக்கு ஆறுதல். ஆனால் வாங்குவோர் இன்றேல் எத்தறியும் நெடுநாள் ஓடாது.

சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறுகியதாகையால், நோன்புப் பெருநாள் பருவந்தோறும் நகர்ந்து வருகின்றது. 2024இல் அது ஏப்ரலிலும், 2025இல் மார்ச் இறுதியிலும் வந்தது. புத்தாடை வாங்கும் நாளும் பருவம் மாறும் நாளும் ஒன்றாகிவிட்ட காலம் இது. பகலெல்லாம் நீரருந்தாது நோன்பு நோற்பவருக்கு வீணே வியர்வை சிந்தாதிருத்தல் எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் கடைகளிலே நாம் பெரும்பாலும் தேடுவது மினுமினுப்பையே! பெருநாட் காலையில் ஒருமுறை உடுத்து, வெம்மை தாளாது கழற்றி வைக்கும் சட்டையால் பிள்ளைக்கு என்ன பயன்?

மாரி உடைகளை எடுத்து வைக்கும் முறையையும் இங்கு கூறிவிடுவோம். ஈரம் சிறிது இருப்பினும் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்தி, சூடாறிய பின் காய்ந்த வேப்பிலையோடு மடித்து வையுங்கள். கோடைத் துணிகளுக்குக் கஞ்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். தடித்த கஞ்சி துணியின் கண்களை அடைத்துக் காற்றைத் தடுக்கும்.

அடுத்த முறை பெருநாளுக்குத் துணி எடுக்கச் செல்லும்போது, துணியை வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள்; கையாற் கசக்கிப் பாருங்கள்; நூல் எதுவென்று கேளுங்கள். ஒரு துணியையேனும் மருதமுனைத் தறியில் நெய்ததாக வாங்குங்கள். பிள்ளையின் மேனியும் குளிரும். அயலூர் நெசவாளியின் அடுப்பும் எரியும்.